விற்றது விளம்பரமா?

இணையத்தில் விளம்பரம் கொடுத்துத் தொழில் நடத்துகிறவர்கள் காலையில் முதலில் திறப்பது விளம்பரக் கணக்கின் பக்கத்தை. நேற்று எவ்வளவு செலவாயிற்று, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை க்ளிக், எத்தனை ஆர்டர், போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை என்று எண்கள் வரிசையாக நிற்கும். எல்லாரும் தேடுவது அந்தக் கடைசி எண்ணைத்தான். அது நான்கு என்றால் மகிழ்ச்சி, ஒன்றரை என்றால் கலக்கம். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் மெட்டா நிறுவனம் வழக்கமாக வைத்திருக்கும் விதி இது: விளம்பரத்தை க்ளிக் செய்த ஒருவர் 7 நாளுக்குள் வாங்கினாலும், க்ளிக்கே செய்யாமல் திரையில் அதைக் கண்ட ஒருவர் 1 நாளுக்குள் வாங்கினாலும், அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும். தீபாவளிக்குப் புடவை எடுப்பதென்று முன்பே முடிவுசெய்து, வழக்கமாக வாங்கும் கடையின் தளத்துக்கு நேராகப் போய் வாங்கிய ஒரு பெண், முந்தின நாள் அதே கடையின் விளம்பரத்தைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போயிருந்தால் போதும். அவரை அழைத்து வந்தது விளம்பரம்தான் என்று அந்தப் பக்கம் சொல்லும். கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளித்தவரே விருந்தினர் அத்தனை பேரையும் அழைத்து வந்ததாகக் கணக்கு எழுதுவது போன்றது இது.

இணைய விளம்பரத்தைப் பற்றிய பொதுப் பேச்சு பெரும்பாலும் ஓர் அச்சத்தைச் சுற்றியே நடக்கிறது: அது நம்மை முழுக்க அறிந்துவைத்திருக்கிறது, நம் மனத்தைத் தன் விருப்பப்படி திருப்புகிறது என்ற அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் கடந்த முப்பது ஆண்டுச் சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், இந்தத் தொழிலின் அடிப்படைக் கோளாறு அது எதை எண்ணுகிறது என்பதில் இருப்பது புலப்படும். விளம்பரம் காட்டிய பிறகு நடந்த விற்பனையை அது எண்ணுகிறது. விளம்பரம் இல்லாவிட்டால் நடந்திருக்காத விற்பனை எவ்வளவு என்று எண்ணுவதில்லை. இந்தத் தவறான கணக்குத்தான் கடைக்காரரின் பணத்தையும் வாங்குகிறவரின் நிம்மதியையும் ஒருசேரத் தின்கிறது என்பது என் வாதம்.

எண்ணிக்கைதான் தொடக்கத்திலிருந்தே இணைய விளம்பரத்தின் கவர்ச்சி. 1994 அக்டோபர் 27 அன்று வயர்ட் இதழின் இணையப் பிரிவான ஹாட்வயர்டில் முதல் பட்டை விளம்பரங்கள் வெளியாயின. அவற்றுள் பேர்பெற்றது ஏடி அண்ட் டி நிறுவனத்தின் விளம்பரம். பார்த்தவர்களில் 44 விழுக்காட்டினர் அதை க்ளிக் செய்ததாகச் சொல்லப்படுகிறது. நாளிதழில் அரைப்பக்கம் வாங்கியவருக்கு அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று அறிய வழியிருந்ததில்லை. இங்கே ஒவ்வொரு தொடுதலும் பதிவாயிற்று. அதே ஆண்டில் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி உருவாக்கிய குக்கி, ஒரு தளத்துக்கு வந்தவரை அந்தத் தளம் நினைவில் வைத்துக்கொள்ள எழுந்த எளிய ஏற்பாடு. சீக்கிரமே அது தளம்விட்டுத் தளம் ஆளைப் பின்தொடரும் கருவியாயிற்று. 1998-இல் பில் கிராஸ் தொடங்கிய கோட்டூ நிறுவனம் தேடல் சொற்களை ஏலம்விட்டு, க்ளிக்குக்கு மட்டும் காசு வாங்கியது. 2000-இல் ஆட்வேர்ட்ஸ் விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002-இல் க்ளிக் ஏலத்துக்கு மாறியது; இணைய விளம்பர நிறுவனமான டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்கும் பேரத்தை 2008-இல் முடித்தது. 2023-இல் அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானம் ஏறத்தாழ 30,700 கோடி டாலர்; அதில் 23,700 கோடிக்கும் மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. மெட்டாவுக்கு ஏறக்குறைய முழு வருமானமுமே அதுதான். இவ்வளவு பணத்தைத் தாங்கி நிற்பது, க்ளிக்குக்கும் விற்பனைக்கும் காரண காரியத் தொடர்பு இருக்கிறது என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைத் துணிந்து சோதித்தவற்றுள் ஈபே நடத்திய சோதனை முக்கியமானது. 2012-இல், ஈபே என்ற பெயரையே தட்டித் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரங்களை யாஹூ, மைக்ரோசாஃப்ட் தேடல்களில் அந்நிறுவனம் நிறுத்திப் பார்த்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகிய பொருளியலாளர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2015-இல் எக்கனாமெட்ரிக்கா இதழில் வெளியிட்டார்கள். விளம்பரம் வழியே வந்துகொண்டிருந்த வரவில் 99.5 விழுக்காடு, விளம்பரம் இல்லாமலும் வந்துசேர்ந்தது. விளம்பரத்துக்கு அடியிலேயே காசில்லாத தேடல் முடிவு இருந்தது. மக்கள் அதைத் தொட்டு வந்துவிட்டார்கள். பிறகு பொதுவான பொருட்பெயர்களுக்கான கூகுள் விளம்பரங்களை அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்திவைத்து, நிறுத்தாத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். அடிக்கடி வாங்குகிறவர்களிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் விளம்பரச் செலவில் பெரும்பகுதி அவர்கள்மேல்தான் போய்க்கொண்டிருந்தது. ஈபேக்குப் புதியவர்களிடமும் எப்போதாவது வருகிறவர்களிடமும் மட்டும் விளம்பரம் வேலை செய்தது. இந்தப் பின்பாதியை மறந்துவிட்டுச் சோதனையின் முன்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது.

ஈபே ஊரறிந்த பெயர், அதனால்தான் இப்படி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2019-இல் மார்க்கெட்டிங் சயின்ஸ் இதழில் பிரெட் கார்டன், ஃப்ளோரியன் செட்டல்மேயர் ஆகியோர் ஃபேஸ்புக் ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை 15 விளம்பரச் சோதனைகளை ஆராய்ந்தது. ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு விளம்பரம் காட்டாமல் நிறுத்தி, உண்மையான பலனை அளந்தார்கள். அப்படி நிறுத்தாமல் வழக்கமான புள்ளியியல் முறைகளால் கணித்திருந்தால் விடை எவ்வளவு தள்ளிப்போயிருக்கும் என்றும் பார்த்தார்கள். ஏறத்தாழ பாதிச் சோதனைகளில் மும்மடங்கு அளவுக்குப் பிழை இருந்தது. பெரும்பாலும் பலனை மிகைப்படுத்தும் பக்கமே அது சாய்ந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. யார் வாங்கக்கூடும் என்று கணித்து அவரிடம் விளம்பரத்தைக் கொண்டுபோவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை. அந்தக் கணிப்பு கூர்மையாக ஆக, எப்படியும் வாங்கவிருந்தவர்களிடமே விளம்பரம் போய்ச்சேரும்; கணக்குப் பக்கத்து எண்ணும் உயரும். உயர்ந்த எண்ணைக் கண்ட கடைக்காரர் செலவைக் கூட்டுவார். பிராக்டர் அண்ட் கேம்பிள் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. 2017-இல் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் இணைய விளம்பரத்தைக் குறைத்துவிட்டு, விற்பனையில் அதன் பாதிப்பு தெரியவில்லை என்று அறிவித்தது.

பணம் போகும் வழியையும் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒருவர் பேருந்தில் உட்கார்ந்து தமிழ்ச் செய்தித்தளம் ஒன்றைத் திறக்கிறார். தலைப்பு தெரிந்து படம் தெரிவதற்குள், ஏறத்தாழ ஒரு நொடியின் பத்திலொரு பங்கில், அந்தப் பக்கத்தின் காலியிடம் ஏலத்துக்குப் போகிறது. அவருடைய கைபேசி என்ன ரகம், அவர் எந்த ஊர்ப் பக்கம் இருக்கிறார், என்ன செய்தி படிக்கிறார், அவரை அடையாளம் காட்டும் குறியெண் எது என்ற விவரங்கள் ஏலம் கேட்பவர்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஒருவர் வெல்கிறார், அவருடைய விளம்பரம் தெரிகிறது. தோற்றவர்களுக்கும் அந்த விவரங்கள் போய்விட்டன என்பதுதான் கவனிக்க வேண்டியது. பொருள் விற்காதவர்களும் ஆளைப் பற்றி அறிந்துகொள்கிறார்கள். இந்தச் சங்கிலியில் பணம் என்ன ஆகிறது என்று பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி நிறுவனத்தைக் கொண்டு ஆராய்ந்து 2020-இல் அறிக்கை வெளியிட்டது. விளம்பரதாரர் தந்ததில் 51 விழுக்காடுதான் செய்தித்தளங்களைப் போய்ச்சேர்ந்தது. 15 விழுக்காடு எங்கே போயிற்று என்றே தணிக்கையாளர்களால் சொல்ல முடியவில்லை. அவ்வளவும் பெரிய நிறுவனங்கள், பெரிய தளங்கள். சிறு விளம்பரதாரரின் பணம் இதைவிட நேராகப் போகும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

இனி வாங்குகிறவர் பக்கம். எது எண்ணப்படுகிறதோ அதை உயர்த்தவே பக்கங்கள் வடிவமைக்கப்படும். ஆர்டர் எண்ணப்பட்டால் ஆர்டர் வரை தள்ளிவிடுவதே வடிவமைப்பின் வேலையாகிறது. பொருளின் படத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு கடிகாரம் ஓடும். சலுகை பத்து நிமிடத்தில் முடியும் என்று எழுதியிருக்கும். பக்கத்தை மூடித் திறந்தால் அதே பத்து நிமிடம் மறுபடியும் தொடங்கும். இரண்டுதான் மீதி என்ற வரி ஒரு வாரம் கழித்தும் மாறாமல் இருக்கும். கூடையில் நாம் போடாத காப்பீடோ நன்கொடையோ ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். சேவையில் சேர ஒரு தொடுதல் போதும், விலக ஐந்து பக்கம் கடக்க வேண்டும். ஹாரி பிரிக்னல் 2010-இல் டார்க் பேட்டர்ன் என்று பெயரிட்ட இந்த உத்திகளில் 13 வகைகளை இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளாக அறிவித்துத் தடைசெய்தது. போலி அவசரம், கூடையில் திணித்தல், சந்தாப் பொறி, சொட்டுச் சொட்டாக விலை கூட்டுதல் எல்லாம் அதில் உண்டு. நல்ல பட்டியல்; ஆனால் ஒரு வகை அடைபட்டால் எண்ணுக்காக இன்னொன்று முளைக்கும். இரவு பதினோரு மணிக்கு வரும் அறிவிப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்ற கணக்கில் அது வெற்றி. எரிச்சலில் அந்தச் செயலியையே அழித்தவரின் மனக்கசப்பை அந்தக் கணக்கு எண்ணாது.

விற்கிறவருக்கும் இதில் தனி வலி இருக்கிறது. தன் பெயரைத் தேடி வரும் வாடிக்கையாளரைத் தன்னிடமே சேர்க்க அவர் காசு கட்ட வேண்டியிருக்கிறது. அவர் கட்டாவிட்டால் போட்டிக்காரர் அந்தப் பெயரை ஏலத்தில் எடுத்து மேலே நிற்பார். இதன் நியாயம் இந்திய நீதிமன்றங்களில் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்திய சென்னை நிறுவனமான கன்சிம், கூகுளின் மீதும் போட்டித் திருமணத் தளங்களின் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 2010-இல் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், பிறர் வணிகப் பெயரைத் தேடல் சொல்லாக வைத்து விளம்பரம் செய்வது வணிகக்குறிச் சட்டப்படி அந்தப் பெயரைப் பயன்படுத்துவதே என்றும், வாங்குகிறவரைக் குழப்பாதவரை அது மட்டுமே மீறலாகாது என்றும் சொன்னது. சட்டம் அந்த இடத்தில் நிற்கட்டும். பொருளாதாரமாகப் பார்த்தால், ஈபே சோதனையில் பலனற்றது என்று நிறுவப்பட்ட செலவு, போட்டி அச்சத்தால் கட்டாயச் செலவாகிறது. அந்தச் செலவு கடைசியில் சேலையின் விலையிலும் மசாலாப் பொட்டலத்தின் விலையிலும்தான் ஏறும்.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. இணைய விளம்பரம் இல்லாவிட்டால் சின்னாளப்பட்டிச் சுங்குடியை வீட்டிலிருந்தே விற்கும் ஒரு பெண்ணோ, கருப்பட்டி காய்ச்சி விற்கும் ஒரு குடும்பமோ, சென்னையிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்களை எப்படி எட்டுவது? நாளிதழில் விளம்பரம் கொடுக்க அவர்களால் முடிந்ததில்லை. நகரத்தில் கடை வாடகை கட்டவும் முடியாது. இன்ஸ்டாகிராமில் ஒரு ரீலுக்குச் சில நூறு ரூபாய் போட்டு பூஸ்ட் செய்தால் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஈபே ஆய்வின் பின்பாதி சொல்வதும் இதுவே: அறியாதவருக்கு அறிவிக்கும்போது விளம்பரம் வேலை செய்கிறது. ஆனால் அதே காரணத்தால், கணக்கு திருத்தப்படுவதில் அதிக ஆதாயம் அந்தப் பெண்ணுக்குத்தான். கணக்குப் பக்கத்தின் எண்ணைத் துரத்தும் இயந்திரம், அவருடைய பக்கத்தை முன்பே பின்தொடர்கிறவர்களிடமும், தளத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்களிடமுமே சில நூறு ரூபாயையும் செலவழிக்கப் பார்க்கும். அங்கேதான் ஆர்டர் எளிதாகக் கிடைக்கும். அவருக்கு வேண்டியதோ புதிய முகங்கள். பெரிய நிறுவனத்துக்கு வீண்செலவு கணக்கேட்டில் ஒரு வரி. இவருக்கு அது அடுத்த மாதத்து நூல் வாங்கும் முதல்.

விளம்பரம் இருப்பதால்தானே தேடலும் வரைபடமும் மின்னஞ்சலும் செய்தியும் இலவசமாகக் கிடைக்கின்றன என்பது இரண்டாவது மறுப்பு. விளம்பரம் வேண்டும் என்பதை இது நிறுவுகிறது. ஆளைப் பின்தொடரும் விளம்பரம் வேண்டும் என்பதை நிறுவவில்லை. இங்கே சான்றுகள் முரண்படுகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குக்கியை எடுத்துவிட்டால் செய்தித்தளங்களின் விளம்பர வருமானம் சராசரியாக 52 விழுக்காடு குறையும் என்று கூகுள் 2019-இல் தன் சோதனையிலிருந்து சொன்னது. அதே ஆண்டில் மரோட்டா, அபிஷேக், அக்குவிஸ்டி ஆகியோரின் ஆய்வு, குக்கியால் தளத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 4 விழுக்காடு அளவே என்று கண்டது. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்புக்கு விளம்பரம் விற்கும் ஸ்டெர் நிறுவனம் 2020 தொடக்கத்தில் பின்தொடர்தலை அறவே விட்டுவிட்டு, நிகழ்ச்சியின் பொருளுக்கேற்ற விளம்பரத்துக்கு மாறியது. வருமானம் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. ஸ்டெர் நாடறிந்த நிறுவனம், சிறு தளங்களுக்கு அந்தப் பேரம் பேசும் வலு இல்லை என்பது சரிதான். எனினும், சமையல் பக்கத்தில் இட்லி மாவு இயந்திரத்தின் விளம்பரம் போட அதைப் படிப்பவரின் முந்தைய வாரத்து நடமாட்டம் தேவையில்லை.

மூன்றாவது மறுப்புத்தான் என் வாதத்தை அதன் வேரிலேயே கேட்கிறது. இந்த விளம்பரங்களுக்கு அவ்வளவாகப் பலனில்லை என்றால், அவற்றால் கெடுதலும் அவ்வளவாக இருக்க முடியாதே? பலன் உண்டென்றால் கடைக்காரர் பணம் வீணாகவில்லை. இல்லையென்றால் வாங்குகிறவர் பயப்பட வேண்டாம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்கலாம். சராசரியை வைத்துப் பேசுவதால் வரும் சிக்கல் இது. ஆயிரம் பேரில் 995 பேரை அசைக்காத விளம்பரம் மீதி ஐந்து பேரின் சேமிப்பைத் துடைத்துவிடலாம். நேர்மையான கடைக்காரருக்கு ஐந்து ஆர்டர் நட்டம். மோசடிக்காரருக்கு ஐந்து பேர் போதும். அவருக்குப் பொருளும் இல்லை, அனுப்பும் செலவும் இல்லை. ஆகவே ஏலத்தில் அதிக விலை கேட்க அவரால் முடியும். தீபாவளிக்கு முன் சிவகாசிப் பட்டாசு பாதி விலையில் என்று வரும் விளம்பரங்கள் இதற்குக் கண்ணெதிர் உதாரணம். இணையத்தில் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடைசெய்தது. அதற்குப் பிறகும் போலித் தளங்கள் விளம்பரம் கொடுத்து, யுபிஐ வழியே முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகின்றன. தமிழ்நாட்டு சைபர் குற்றப் பிரிவு மக்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி இன்னும் கவலையளிப்பது. 2024-இல் தன் வருமானத்தில் சுமார் 10 விழுக்காடு மோசடிகள், தடைசெய்யப்பட்ட பொருள்கள் ஆகியவற்றின் விளம்பரங்களிலிருந்து வரும் என்று மெட்டாவின் உள் ஆவணங்கள் மதிப்பிட்டிருந்ததாக அது சொன்னது. அந்த மதிப்பீடு தோராயமானது, தேவைக்கு மேல் அகலமானது என்று மெட்டா மறுத்தது. எண்ணிக்கை எதுவானாலும், க்ளிக்கையும் பணத்தையும் எண்ணும் கணக்கில் மோசடிக்காரர் நல்ல வாடிக்கையாளராகவே தெரிவார்.

சட்டங்கள் இதுவரை தொட்டிருப்பது பெரும்பாலும் தரவை. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 2023-இல் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசத்தோடு. 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. இதை மனமார வரவேற்கிறேன். பெரியவர்களுக்கோ ஒப்புதல் பொத்தானே காவல். ஒரு நாளில் பத்துத் தளங்களைத் திறக்கும் மனிதர் பத்து ஒப்புதல் அறிவிப்புகளையும் படித்துப் பார்த்து முடிவெடுப்பார் என்பது நடக்காத காரியம். கேட்கும் விதத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஆப்பிள் 2021 ஏப்ரலில் காட்டியது. பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் நேராகக் கேட்க வேண்டும் என விதித்ததும் பலர் வேண்டாம் என்றார்கள். அதனால் 2022-இல் தன் வருமானத்தில் 1,000 கோடி டாலர் குறையலாம் என்று மெட்டா சொன்னது. ஆனால் தரவு குறைந்ததால் கணக்கு நேர்மையாகிவிடவில்லை. விடுபட்ட இடங்களை இயந்திரக் கணிப்பால் நிரப்பி அதே எண்ணைத்தான் காட்டுகிறார்கள்.

எனவே திருத்தம் கணக்கிலேயே தொடங்க வேண்டும். அதற்கு வழி தெரியாமல் இல்லை. ஈபே செய்ததை ஒரு நடுத்தர ஜவுளிக் கடையும் செய்யலாம்: ஆடி மாதம் முழுதும் மதுரையிலும் சேலத்திலும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, கோவையிலும் திருச்சியிலும் ஓடவிட்டு, விற்பனை எங்கே எவ்வளவு மாறுகிறது என்று கல்லாவைப் பார்க்கலாம். சிறு வியாபாரிக்கு இது கைகூடாது என்ற ஆட்சேபம் உண்மை. ராண்டல் லூயிஸும் ஜஸ்டின் ராவும் 25 பெரும் சோதனைகளை ஆராய்ந்து 2015-இல் காட்டியது அதைத்தான்: மக்கள் வாங்குவதில் இயல்பாக உள்ள ஏற்ற இறக்கம் மிகப் பெரிது, விளம்பரத்தின் பலனை அதிலிருந்து பிரித்தெடுக்கப் பெரிய நிறுவனங்களே தடுமாறுகின்றன. மாதம் நாற்பது ஆர்டர் வாங்கும் ஒருவரால் தனியாக எதையும் நிறுவ முடியாது. தளங்களால் முடியும். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு விளம்பரத்தை நிறுத்திப் பார்க்கும் கருவி கூகுளிடமும் மெட்டாவிடமும் இப்போதே இருக்கிறது. ஆனால் விளம்பரதாரர் தேடிப் போய்க் கேட்டால்தான் கிடைக்கும், போதிய செலவும் செய்திருக்க வேண்டும். கைத்தறிச் சேலை, வீட்டு மசாலா, ஆயத்த ஆடை என்று தொழில்வாரியாகச் சிறு விளம்பரதாரர்களின் கணக்குகளைச் சேர்த்து, அந்தச் சோதனையைத் தளங்களே நடத்தி, விளம்பரத்தால் கூடுதலாக நடந்த விற்பனை எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்ல வேண்டும். விளம்பரம் கொடுப்பவர் யார் என்று பணம் வாங்குமுன் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். சங்கிலியில் பணம் எங்கே போகிறது என்ற தணிக்கையை இந்தியாவிலும் கோர வேண்டும். 2024-இல் இந்திய ஊடகத் துறையின் மிகப் பெரிய பிரிவாகத் தொலைக்காட்சியை முந்தியது இணையம் என்று ஃபிக்கி-இஒய் அறிக்கை கணித்திருக்கிறது. தொலைக்காட்சியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அளக்க, எந்த ஒரு தனிச் சேனலின் கையிலும் இல்லாத பார்க் என்ற பொது அமைப்பு இருக்கிறது. அதன் அளவையில் குறை சொல்ல இடமுண்டு. ஆனாலும் விற்கிறவரே தன் சரக்கை நிறுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொலைக்காட்சியில் விளம்பரதாரர்கள் ஏற்கவில்லை. இணையத்தில் இன்னும் அதைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.